ஜெயில்ல இருக்க தம்பிக்கு மனநல மாத்திரை கிடைக்கல, வக்கீல் நோயைப் பத்தி கோர்ட்ல பேசாதீங்கன்னு சொல்றார், என்ன செய்ய?

சாரல்மழை (தென்காசி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிஞ்சவங்க, மனநல வார்டுல வேலை பாத்தவங்க ரெண்டு பேருமே இங்க இருக்கீங்கன்னுதான் எழுதுறேன். நீளமா இருந்தா மன்னிச்சிருங்க, யார்கிட்டயும் முழுசா சொல்ல முடியல.

தம்பிக்கு 26 வயசு. பாலிடெக்னிக் முடிச்ச சமயம் காதுல யாரோ பேசுறாங்கன்னு ஆரம்பிச்சது. வீட்ல காத்து கருப்புன்னாங்க, ஆச்சி சொல்லி குணசீலம் கூட்டிட்டுப் போய் 48 நாள் இருந்தோம். அப்புறம்தான் பெரியாஸ்பத்திரில காட்டி ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை போட்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், மொபைல் கடைல ரெண்டு வருஷம் வேலை கூட பாத்தான். போன தை மாசம் உடம்பு ஊதுது, காலைல எந்திரிக்க முடியலன்னு அவனா நிறுத்திட்டான், எங்களுக்குத் தெரியவே ரெண்டு மாசம் ஆயிருச்சு. திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரல. எதிர்வீட்டு பெரியப்பா தண்ணி டேங்க்ல மருந்து கலக்குறார்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒருநாள் காலைல அவர் வாசல்ல நிக்கும்போது மம்பட்டியால அடிச்சிட்டான். தலைல 11 தையல், வலது கை உடைஞ்சு போச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல, அந்தளவுக்கு சாமி காப்பாத்துச்சு.

கொலை முயற்சின்னு எஃப்.ஐ.ஆர். போட்டு ரிமாண்ட் பண்ணி இன்னையோட 23 நாள். ரெண்டு தடவ மனு போட்டு பாத்தேன். முத தடவ என்னைய பாத்து பேசுனான், ரெண்டாவது தடவ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு மேல பாத்துக்கிட்டே இருந்தான், சோத்துல என்னமோ போடுறாங்கன்னு மட்டும் சொன்னான். குளிக்கல, நகம் வெட்டல. கைல கொண்டு போன மாத்திரைய வாங்க மாட்டேன்னுட்டாங்க. டாக்டர் பாத்தாரான்னு கேட்டா பாப்பாங்க பாப்பாங்கன்னு ஒரே பதில். எந்த ஜெயில்னு இங்க சொல்ல வேணாம்னு நினைக்கிறேன்.

நாங்க வச்ச வக்கீல் "மனநோய்னு சொன்னா கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிருவாங்க, கேஸ் அப்படியே நின்னுரும், பையன் வருஷக்கணக்கா வெளிய வர மாட்டான், பேசாம ஜாமீன் மட்டும் போடுவோம்"ங்கிறார். சித்தப்பா அதுக்கு நேர் எதிர், "பைத்தியம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா கேஸே இல்லம்மா"ங்கிறாங்க. அப்பா இல்ல, அம்மாக்கு ஒண்ணும் ஓடல. ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? எனக்கு இப்போதைக்கு அவனுக்கு மாத்திரை போய்ச் சேரணும், வேற எதுவும் தோணல.

கருப்பு கோட்டு

தங்கச்சி, கிரிமினல் சைடுல 15 வருஷமா இருக்கேன், அதுல கொஞ்ச நாள் சட்ட உதவி கேஸ் மட்டுமே பாத்தேன். உங்க வக்கீலும் சித்தப்பாவும் ஆளுக்கு பாதிதான் சொல்றாங்க. அந்தப் பாதிய மட்டும் நம்பி முடிவெடுத்தா ரெண்டு பக்கமும் உதைக்கும்.

கோர்ட்டுக்கு முன்னாடி மனநோய் ரெண்டு வேற வேற கேள்வியா வருது, இத மனசுல நல்லா வாங்கிக்கோங்க. ஒண்ணு, அடிச்ச அந்த நிமிஷத்துல தான் என்ன செய்றோம், அது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா. இது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டத்துல வர்ற பிரிவு, பழைய ஐ.பி.சி. 84, இப்ப பி.என்.எஸ். 22. இத நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு, அதுவும் விசாரணைல சாட்சியெல்லாம் வச்சுத்தான், சர்டிபிகேட்ட காட்டி முத நாள்லயே முடியிற விஷயம் கிடையாது. நோய் இருந்துச்சுங்கிறது மட்டும் பத்தாது, அந்த நேரத்துல புத்தி தெளிவில்லாம இருந்தான்னு காட்டணும். அப்படியே விடுதலை கிடைச்சாலும் நேரா வீட்டுக்கு வந்துர முடியாது, பாதுகாப்பா வைக்கச் சொல்லியோ, இல்ல சொந்தக்காரங்க உத்தரவாதம் குடுத்தா அவங்ககிட்ட ஒப்படைக்கவோதான் கோர்ட் உத்தரவு போடும், பி.என்.எஸ்.எஸ். (கேஸ எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டம்) 374. சித்தப்பாட்ட இத சொல்லுங்க.

ரெண்டாவது கேள்வி, இன்னைக்கு அவனால கேஸ புரிஞ்சு தன் பக்கம் பேச முடியுமா. முடியலைன்னா அதே பி.என்.எஸ்.எஸ். 367, 368 படி மனநல டாக்டர் பாத்து ரிப்போர்ட் குடுக்கணும், அதுவரைக்கும் விசாரணை தள்ளிப்போகும். உங்க வக்கீல் பயப்படுறது இந்த இடம்தான், அந்த பயத்துல உண்மையும் இருக்கு. அசாம்ல மச்சாங் லாலுங்னு ஒரு மனுஷன், 1951ல பிடிச்சாங்க, விசாரணையே நடக்கல, 2005ல வெளிய விட்டப்போ அவருக்கு 77 வயசு. 54 வருஷம்! மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, அவர் தெளிவாயிட்டார்னு அங்க உள்ள டாக்டர்கள் எழுதின பிறகும் யாரும் கோர்ட்டுக்கு திரும்பக் கொண்டு வரல. அவருக்காக கேக்க ஆளே இல்லாமப் போச்சு. உங்க தம்பிக்கு நீங்க இருக்கீங்க.

அதே சட்டத்துல 369னு ஒண்ணு இருக்கு, பழைய சட்டத்துல (சி.ஆர்.பி.சி.) 330. நான் பாத்த வரைக்கும் பாதி வக்கீலுங்க இத எடுத்து வைக்கிறதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம் அதுல. ஜாமீன்ல விட முடியாத குற்றமா இருந்தாலும், ஆளு ஆஸ்பத்திரில படுத்துதான் வைத்தியம் பாக்கணும்னு இல்லைன்னா, சொந்தக்காரர் ஒருத்தர் "நான் பக்கத்து ஆஸ்பத்திரில வெளிநோயாளியா (ஓபில) தவறாம காட்டுறேன், அவனுக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து வராம பாத்துக்கிறேன்"னு எழுதிக் குடுத்தா கோர்ட் வெளிய விடலாம். விட முடியாதுன்னு கோர்ட் நினைச்சா, ஒழுங்கா மனநல சிகிச்சை கிடைக்கிற இடத்துல வைக்கச் சொல்லணும். சும்மா செல்லுக்குள்ள போட்டு வைக்கலாம்னு அதுல எங்கயும் இல்ல.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி நாளைக்கே ஒரு சின்ன மனு. "இன்ன ஆஸ்பத்திரில இன்ன வருஷத்துல இருந்து இன்ன நோய்க்கு மருந்து சாப்பிடுறவர், ஜெயில்ல மருந்து இல்ல, மனநல டாக்டர்கிட்ட காட்டி சிகிச்சை குடுக்க உத்தரவிடணும்"னு ரிமாண்ட் பண்ண மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே போடலாம். இதுக்கும் 22க்கும் சம்பந்தம் கிடையாது, விசாரணையும் இதனால நிக்காது. அடுத்த வாய்தாக்கு வீடியோல காட்டாம நேர்ல கொண்டு வரச் சொல்லியும் கேளுங்க. வீடியோல ஒரு நிமிஷத்துல ரிமாண்ட நீட்டிச்சு முடிச்சிருவாங்க, நேர்ல அந்த நகத்தையும் கண்ணையும் பாத்தா எந்த மாஜிஸ்ட்ரேட்டும் ரெண்டு கேள்வி கேப்பாங்க.

உங்க வக்கீல் மாட்டேன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, கோர்ட் வளாகத்துக்குள்ளயே இருக்கும், போன் 15100. காவல்ல இருக்கவங்களுக்கும் மனநோய் உள்ளவங்களுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. காயத்தை வச்சுப் பாத்தா 90 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலைன்னா அதுக்கு தனியா ஜாமீன் உரிமை இருக்கு, அந்தத் தேதியையும் காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஓய்வு நர்ஸம்மா

சாரல்மழை, மனநல வார்டுல 28 வருஷம் இருந்துட்டு ரிட்டயர் ஆனவ நான். ஜெயில்ல இருந்து எஸ்கார்ட்டோட வர்ற புள்ளைங்கள நிறைய பாத்திருக்கேன். சட்டம் தம்பி சொல்லிட்டாரு, மருந்து பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல பழைய ரெக்கார்ட எடுங்க. ஓபி நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை சீட்டு எது இருந்தாலும். தொலைஞ்சிருந்தா காட்டின ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்‌ஷன்ல எழுதிக் குடுத்து காப்பி கேளுங்க, தன்னோட மருத்துவ ஆவணத்த வாங்குற உரிமை 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு. ஜெயில்ல இருக்கதால தம்பியோட கையெழுத்து கேக்கலாம், வக்கீல் மூலமா வாங்கிக்கலாம். காப்பி மூணு செட் எடுங்க, ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு ஜெயில் டாக்டருக்கு, ஒண்ணு வீட்டுக்கு.

மாத்திரைய வாசல்ல வாங்க மாட்டாங்க, அது பாதுகாப்புக்கு. அதனால மாத்திரைய விட சீட்டு முக்கியம். ஜெயில் மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடுதாசி எழுதுங்க, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்ப நிறுத்தினான், எந்த மருந்துக்கு கை நடுங்குச்சு, உடம்பு ஊதுச்சு, எல்லாம். பழைய அளவையே எடுத்த எடுப்புல குடுங்கன்னு மட்டும் கேட்டுறாதீங்க, இத்தனை மாசம் விட்டுப்போனதுக்கு அப்புறம் எவ்ளோல ஆரம்பிக்கணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். அந்தக் கடுதாசிலயே "காதுல குரல் கேக்குது, சாப்பாட்ட சந்தேகப்படுறான், தன்னையே ஏதும் செஞ்சுக்குவானோன்னு பயமா இருக்கு"ன்னு பச்சையா எழுதுங்க. உள்ள போன முதல் சில வாரம் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய காலம், தனி செல்லுல போட்டா இன்னும் மோசமாயிரும். பதிவுத் தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க.

அவன் மாத்திரைய நிறுத்தினதுக்கு அவன திட்டாதீங்கம்மா. உடம்பு ஊதுறதும் பகல் பூரா தூக்கமும் அந்த வயசுப் பையனுக்கு எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும். வேற மருந்து மாத்தலாம், சிலருக்கு மாசம் ஒரு ஊசி சரியா வரும். டாக்டர்ட்ட கேளுங்க.

கீழ்ப்பாக்கம்னதும் ஏன் இவ்ளோ பயம்? ஊர்ல திட்டுறதுக்கு அந்தப் பேர வச்சு வச்சு நமக்கு அப்படி ஆயிருச்சு. 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, கைதிகளுக்கு அங்க தனி வார்டு இருக்கு, கோர்ட் உத்தரவுல வர்றவங்கள பாத்து, மருந்து குடுத்து, தெளிஞ்சதும் ரிப்போர்ட்டோட அனுப்பத்தான் செய்றாங்க. கோர்ட் உத்தரவுல ஆஸ்பத்திரில இருக்க கைதியப் பத்தி ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர் ரிப்போர்ட் அனுப்பியே ஆகணும்னு அந்த 2017 மனநலச் சட்டத்துல 103வது பிரிவுல இருக்கு. ஜெயில் டாக்டரும் மூணு மாசத்துக்கு ஒருக்க, மனநோய் உள்ள கைதி யாரும் ஜெயில்ல இல்லைன்னு மனநல மறுஆய்வு போர்டுக்கு எழுதிக் குடுக்கணும். எவ்வளவு தூரம் நடக்குதுங்கிறது வேற, ஆனா நீங்க கேக்கும்போது இந்தப் பிரிவ சொல்லிக் கேளுங்க, பதில் வேற மாதிரி வரும்.

அம்மாவ 14416க்கு பேச வைங்க. டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. தம்பிக்காக மட்டும் இல்ல, அவங்களுக்காகவும்.

சாரல்மழை

ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. படிச்சிட்டு அழுதுட்டேன். ஒரே ஒரு சந்தேகம். கோர்ட்ல மனநோய்னு எழுதிட்டா அவனுக்கு ஆயுசு பூரா புத்தி சரியில்லாதவன்னு முத்திரை விழுந்துராதா? நாளைக்கு வேலை, சொத்து, கல்யாணம் எல்லாத்துலயும் அது வருமேன்னு அம்மா பயப்படுறாங்க. எனக்கும் வரன் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அத நான் பெருசா நினைக்கல, அம்மா நினைக்கிறாங்க.

கருப்பு கோட்டு

விழாது. மனநோய் இருக்குன்னு டாக்டர் எழுதுறது மட்டுமே "சித்தசுவாதீனம் இல்லாதவர்"னு அர்த்தம் ஆகாது, தகுதியான கோர்ட் தனியா அறிவிச்சாத்தான் அப்படின்னு 2017 சட்டம் 3வது பிரிவுலயே தெளிவா சொல்லியிருக்கு. சிகிச்சை மனுவுல நீங்க கேக்குறது மருந்து, அறிவிப்பு இல்ல. மருந்து சாப்பிட்டு ரெண்டு வருஷம் கடைல வேலை பாத்தவன்னு மனுவுலயே ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

வேலவன் துணை

மகளே, நான் வக்கீலும் இல்ல டாக்டரும் இல்ல, உன் அம்மா இடத்துல நின்னவ. என் மூத்தவன் 2018ல பஸ் கண்ணாடிய உடைச்சு கண்டக்டர அடிச்சிட்டான். அவனுக்கும் இதே நோய்தான்.

எங்களுக்கு கோர்ட் உத்தரவு சீக்கிரமே கிடைச்சிருச்சு, வாரம் ஒருநாள் ஓபில காட்டணும்னு. ஆனா அந்த நாள் வந்தா வழிக்காவலுக்கு போலீஸ் இல்லம்பாங்க, பந்தோபஸ்துக்கு போயிட்டாங்கம்பாங்க. நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடில காலைல எட்டு மணிக்கு போய் உக்காந்து மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு வீட்டுக்கு வருவேன். மூணு வாரம் அப்படியே போச்சு. கோவத்துல ஒரு பழைய டைரில தேதி போட்டு "வரல, வரல, வரல"ன்னு எழுதி வச்சேன். அந்த டைரிதான் பின்னால உதவுச்சு, வக்கீல் அந்த தேதியெல்லாம் மனுவுல போட்டதும் ஜட்ஜம்மா கூப்பிட்டு கேட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு வாரம் தவறல. நீயும் எழுதி வை, எந்த தேதி பாத்த, எப்படி இருந்தான், என்ன சொன்னான், யார்கிட்ட என்ன கேட்ட, எல்லாம்.

ஆறு மாசம் கழிச்சு அந்த பழைய 330ல ஜாமீன் குடுத்தாங்க. மாசாமாசம் ஓபி சீட்ட கோர்ட்ல குடுக்கணும்னு நிபந்தனை. முதல்ல பாரமா இருந்துச்சு, ஆனா கோர்ட்டுக்கு காட்டணும்ங்கிறதுனாலயே அவன் ஒரு மாசம் விடாம வந்தான், நான் சொன்னா கேக்காதவன் ஜட்ஜம்மா சொன்னா கேட்டான். கேஸ் முடிய நாலு வருஷம் ஆச்சு. இப்ப மாவு மில்லுல வேலை பாக்கான். மாத்திரைய நான் எண்ணிப் பாக்குறத இன்னும் விடல.

எதிர்ப்பக்கத்து மகன்

இதுல எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் அடி வாங்கினவர் பக்கம். எங்கப்பாவ பக்கத்து தெரு பையன் ஒருத்தன் இதே மாதிரி நோயில கல்ல எடுத்து அடிச்சான், ஒரு கண்ணு போச்சு. ஸ்டேஷன்ல "இது மென்டல் கேஸ் தம்பி, இழுக்கும்"னு சொன்னதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச சட்டம். அந்தப் பையன் வீட்ல இருந்து ஒரு ஆளு வந்து எப்படி இருக்காருன்னு கேக்கல. அவனுக்கு நோய்னு எனக்குத் தெரியும், அவன் தூக்குல தொங்கணும்னு நான் நினைக்கவே இல்ல. ஆனா அவன் திரும்ப வந்தா மாத்திரை சாப்பிடுவானா, யார் பாத்துப்பா, எங்கப்பா வாசல்ல உக்காரலாமா, இத எங்ககிட்ட யாராவது சொல்லணும்ல. இங்க எல்லாரும் தம்பிய பத்தியே பேசுறீங்க, அந்தப் பெரியப்பாவ பத்தி ஒருத்தர் கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி.

கருப்பு கோட்டு

நீங்க சொன்னது சரி அண்ணே, நான் எழுதும்போது அத விட்டுட்டேன். உங்கப்பாவுக்கு பி.என்.எஸ்.எஸ். 396ல இழப்பீடு கேக்கலாம், அதுவும் அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுதான் முடிவு பண்ணும், அரசாங்க நிதில இருந்து வரும். அடிச்சவனுக்கு மனநோய்ங்கிறதால அது தடைபடாது.

சாரல்மழை, பெரியப்பாவ பாக்கணும்னு இப்ப உங்களுக்குத் தோணும், ஆனா அவர் கேஸ்ல சாட்சி, நீங்களா போய் பேசினா சாட்சிய கலைக்கப் பாக்குறாங்கன்னு ஆயிரும். ரெண்டு வீட்டுக்கும் பொதுவான பெரியவங்க யாராவது போய் உடம்ப மட்டும் விசாரிக்கட்டும், கேஸ் பத்தி ஒரு வார்த்தை வேணாம். 369 மனுவுல, வெளிய வந்தா கொஞ்ச காலம் அந்தத் தெருவுல இருக்க மாட்டான், வேற ஊர்ல யார் வீட்ல இருந்து எந்த ஆஸ்பத்திரில காட்டுவான்னு நீங்களே எழுதிக் குடுங்க. பெரியப்பா வீட்டுக்கும் அது நிம்மதி, அரசு வக்கீலோட (பி.பி.) எதிர்ப்பும் குறையும்.

சாரல்மழை

எல்லாருக்கும், 19 நாள் கழிச்சு எழுதுறேன்.

பழைய வக்கீல்ட்ட ஆட்சேபனை இல்லைன்னு என்ஓசி வாங்கிட்டு சட்ட உதவி வக்கீல் அக்கா ஒருத்தங்க வந்தாங்க. சிகிச்சை மனு போட்ட மூணாவது நாள் ஆர்டர் ஆச்சு. வாய்தாக்கு நேர்ல கொண்டு வந்தாங்க, மாஜிஸ்ட்ரேட் அவன்கிட்ட "சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்டாங்க, அவன் பதிலே சொல்லல, பேனாவ கீழ வச்சிட்டு கொஞ்ச நேரம் அவனையே பாத்துட்டு இருந்தாங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி எழுதிட்டாங்க. இப்ப மாத்திரை போகுது. நர்ஸம்மா சொன்ன மாதிரி கடுதாசில வெயிட் போட்டத எழுதியிருந்தேன், டாக்டர் வேற மாத்திரை மாத்திருக்காங்க.

அண்ணா, நீங்க எழுதினத அம்மாட்ட படிச்சுக் காட்டினேன். தலையாரி தாத்தா போய் பெரியப்பாவ பாத்துட்டு வந்தாங்க. கைக்கு இன்னும் மாவுக்கட்டு இருக்காம். பெரியம்மா முகத்த திருப்பிக்கிட்டாங்களாம், பெரியப்பா மட்டும் "அந்தப் பய மாத்திரை திங்கானா"ன்னு கேட்டாராம்.

நேத்து மனு போட்டு பாத்தேன். தம்பி குளிச்சிருந்தான். அம்மா வந்தாங்களான்னு கேட்டான். குரல் இன்னும் கேக்குதாம், ஆனா தூரத்துல கேக்குதாம்.

அடுத்த வாரம் 369 மனு வருது. சங்கரன்கோவில்ல மாமா வீட்ல வச்சுக்கிறேன்னு மாமா எழுதிக் குடுக்கிறாங்க. ஜாமீன்தாரருக்கு மாமாவோட வீட்டு வரி ரசீது போதுமா, இல்ல வேற எதுவும் வேணுமா அண்ணா?

கருப்பு கோட்டு

பொதுவா ரெண்டு பேர் கேப்பாங்க தங்கச்சி, அதனால மாமாவோட இன்னொருத்தரும் தயாரா இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஆதார், ரேஷன் கார்டு, இந்த வருஷ வீட்டு வரி ரசீது, போட்டோ. போன வருஷ ரசீதுன்னா திருப்பி அனுப்பிருவாங்க, இப்பவே கட்டிரச் சொல்லுங்க. மாமா ஊருக்குப் பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரில எந்தக் கிழமை மனநல ஓபின்னு விசாரிச்சு மனுவுல கிழமையோட போடச் சொல்லுங்க அக்காட்ட.